நின்று நின்று ஓடும் மரம் அறுக்கும் மெஷின்: பொறிக் கோளாறைக் கண்டறியும் முறை

முற்றிலும் பழுதான யந்திரத்தைச் சீர்செய்வது அவ்வளவு கடினமன்று. ஒரு வேளை நன்றாக ஓடி, மறு வேளை காரணமின்றி நின்று, கடைக்குக் கொண்டுசென்றதும் மீண்டும் நன்றாக ஓடும் யந்திரமே நம்மைப் பெரிதும் வருத்துவது. அத்தகைய கோளாறு பணத்தை மட்டுமன்றி, அங்கத்தினர்களிடையே உள்ள நம்பிக்கையையும் அரித்துவிடும் என்பதை நமது சங்கம் அனுபவத்தால் அறிந்துகொண்டது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்ற முறையையும் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூத்துக்குடிச் சீமையில் மரம் அறுக்கும் மெஷினுக்கு வேலை குறைவில்லை. விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் கரிசல் நிலங்களிலும் கண்மாய்களிலும் சீமைக் கருவேலம் அடர்ந்துள்ளது. அதை வெட்டி விறகாக்குவதும் கரிமூட்டம் போடுவதும் பலருக்குப் பிழைப்பு. 2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரங்களை அகற்றுமாறு உத்தரவிட்டபோது, கோடரியால் மட்டும் ஆகாத வேலைக்கு மெஷினைத் தேடியவர் பலர். தனியொருவர் புதிய மெஷின் வாங்குவது எளிதன்று. ஆகையால் சங்கத்தின் பழைய மெஷினை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது அங்கத்தினர்களின் வழக்கம்.

நமது சங்கத்தில் நேர்ந்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்களில் புகுந்த வெள்ளம் நமது கிடங்கிலும் புகுந்தது. மெஷின் சேற்று நீரில் மூழ்கியது. நீர் வடிந்தபின் அதைக் கழற்றித் துடைத்து, உலர்த்தி, எண்ணெயிட்டோம். மெஷின் ஓடியது, நாமும் மகிழ்ந்தோம்.

சில மாதங்களுக்குப் பின் புகார் வரத் தொடங்கிற்று. காலையில் நன்றாகக் கிளம்பும் மெஷின், அரைமணி நேரத்தில் விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றுவிடும். சற்று நேரம் கழித்து இழுத்தால் மீண்டும் ஓடும். எடுத்துச் சென்றவர் "மெஷின் சரியில்லை" என்றார். திருப்பிப் பெற்றவர் இழுத்துப் பார்த்து, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்றார். பெட்ரோலில் எண்ணெயைத் தவறாகக் கலந்திருப்பார் என்று ஓர் அங்கத்தினர்மேல் பழி விழுந்தது. அவருடைய முன்பணமும் நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கிடையே பிளக் மாற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தோம். "சூடானால் நிற்கிறது, ஆகவே காயில்தான்" என்று பெருந்தொகை கொடுத்துக் காயிலையும் மாற்றினோம். கோளாறோ அப்படியே இருந்தது.

நாம் செய்த தவறு யாது? எந்தப் பாகம் கெட்டது என்று கேட்டோமேயன்றி, எப்போது நிற்கிறது என்று கேட்கவில்லை. நெசவாளர் தறியில் பாவு இழை அறுந்தால், அறுந்த அக்கணமே தறியை நிறுத்தி இழையைத் தேடிப் பிணைக்கிறார். பத்து முழம் நெய்தபின் தேடுவதில்லை. யந்திரக் கோளாற்றுக்கும் அதே நியதிதான்.

பொறி உண்டாகும் விதம்

இம்மெஷினில் பாட்டரி இல்லை. கயிற்றை இழுக்கும்போது சுழலும் சக்கரத்தின் விளிம்பில் காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அக்காந்தம் காயிலின் இரும்புக் கால்களைக் கடந்து செல்லும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. கம்பிச் சுருளருகே காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மையே இதற்கு அடிப்படை.

காயிலில் இரண்டு சுருள்கள் உள. ஒன்று பருத்த கம்பியால் சில சுற்றுகளே சுற்றியது. மற்றது மயிரிழை போன்ற கம்பியால் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியது. முதற் சுருளில் ஓடும் மின்சாரம் தக்க கணத்தில் துண்டிக்கப்பட்டால், இரண்டாம் சுருளில் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எழும்; அதுவே பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. மிகப் பழைய மெஷின்களில் துண்டிக்கும் வேலையைப் பாயிண்டும் கண்டென்சரும் செய்தன. பின்னர் வந்தவற்றில் காயிலுக்குள்ளேயே அடங்கிய மின்னணுத் துண்டு செய்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் மெஷினில் விநாடிக்கு 150 பொறிகள் வேண்டும். அவற்றுள் சில தவறினாலே மெஷின் திக்கும். பல தவறினால் நின்றுவிடும்.

இங்கே ஒரு செய்தியை முக்கியமாக ஞாபகத்தில் இருத்த வேண்டும். வீட்டு விளக்கின் ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டித்து விளக்கை அணைக்கிறது. இம்மெஷினின் நிறுத்தும் ஸ்விட்ச் அவ்வாறன்று. முதற் சுருளின் மின்சாரத்தை மெஷினின் உலோக உடலுக்குத் திருப்பிவிட்டுப் பொறியை நிறுத்துகிறது. ஆகவே காயிலிலிருந்து ஸ்விட்சுக்குச் செல்லும் மெல்லிய வயரின் உறை எங்கேனும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு உலோகத்தில் பட்டால், யாரும் தொடாமலே ஸ்விட்ச் போட்டதற்கு ஒப்பாகும்.

எப்போது நிற்கிறது?

விட்டுவிட்டு வரும் பொறிக் கோளாறுகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கலாம்: ஈரம், சூடு, அதிர்வு.

முதலாவது ஈரத்தால் வருவது. அதிகாலையில் எவ்வளவு இழுத்தாலும் கிளம்பாது. வெயில் ஏறியபின் ஒரே இழுப்பில் கிளம்பும். நமது கடற்கரையில் இவ்வகை அதிகம். காற்றில் வரும் உப்பு பிளக்கின் பீங்கானிலும், வயரிலும், ரப்பர் மூடியின் உட்புறத்திலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் கோத்துக்கொள்ளும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். உப்பளத்தில் வேலை செய்வோர் இதைக் கண்ணால் கண்டவர்கள். அந்த உப்பு நீர்ப் படலம் மின்சாரத்துக்குப் பாதையாகிறது; பிளக்கின் முனையில் தாவ வேண்டிய மின்சாரம் பீங்கானின் மேற்புறமாக ஊர்ந்து சென்றுவிடுகிறது.

இரண்டாவது சூட்டால் வருவது. காலையில் குற்றமின்றி ஓடும். காயில் நன்றாகச் சூடேறியபின் நிற்கும். ஆறியபின்தான் மீண்டும் ஓடும். சுருளின் மெல்லிய கம்பியில் உள்ள முறிவு சூட்டில் விரிந்து விலகுவதும், கம்பியின் பூச்சு சூட்டில் தளர்வதும், மின்னணுத் துண்டு சூட்டைத் தாங்காமையும் இதற்குக் காரணங்கள். எந்த வேலை செய்தாலும், எப்படிப் பிடித்தாலும், ஏறக்குறைய அதே நேரத்தில் நிற்பதே இதன் அடையாளம்.

மூன்றாவது அதிர்வாலும் அசைவாலும் வருவது. மெஷினைச் சாய்த்தால், கைப்பிடியை அழுத்தினால், அல்லது வாள் இறுகினால் நிற்கும். உடனேயே மீண்டும் ஓடவும் கூடும். தளர்ந்த திருகு, தேய்ந்த வயர், பிளக் மூடிக்குள் கழன்ற சுருள்வில் ஆகியவை இதன் காரணங்கள்.

சூட்டு வகையையும் அசைவு வகையையும் ஒன்றென மயங்குவது எளிது. நாமும் அவ்வாறே மயங்கினோம்.

நின்ற கணத்தில் செய்யும் சோதனை

மெஷின் நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லும். அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பொறியைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் தளர்ந்து தளர்ந்து, இருமி, அல்லது ஒரு கணம் வேகம் கூடிக் கூவிப் பின் நின்றால் பெரும்பாலும் எரிபொருளே காரணம்.

ஐயத்தைத் தீர்க்க, நின்ற உடனே, மெஷின் ஆறுமுன் பொறியைப் பார்க்க வேண்டும். ஆறியபின் பார்த்துப் பயனில்லை. இதற்கு வேண்டியவை நல்ல நிலையிலுள்ள ஒரு பிளக்கும், கிளிப் மாட்டிய ஒரு துண்டு வயருமே. முதலில் செயின் பிரேக்கை மாட்டுக. கையுறை அணிக. மெஷினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல் மூடியை மட்டும் எடுத்து, அதில் கையிலுள்ள பிளக்கைச் செருகுக. அதன் உலோகப் பகுதியைக் கிளிப்பினால் சிலிண்டரின் உலோகத்தோடு இணைத்து, டாங்கிக்கு எட்ட வைக்குக. பின் நிழலில் வைத்துக் கயிற்றை வேகமாக இழுத்துப் பார்க்கலாம். பழைய பிளக்கைக் கழற்றி அத்துளையருகே பொறியைச் சோதிப்பது ஆபத்து; துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். எரிபொருள் ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே இதைச் செய்ய வேண்டும்.

நீல நிறத்தில் பளிச்சென்ற பொறி ஒவ்வோர் இழுப்பிலும் வந்தால் பொறியில் குற்றமில்லை. எரிபொருள் வழியை நோக்க வேண்டும். பொறியே இல்லையெனில் குற்றம் இப்பக்கத்தில்தான். மஞ்சளாக, மெலிந்து வரும் பொறியை நம்பலாகாது. திறந்த வெளியில் தாவும் மெலிந்த பொறி, சிலிண்டருக்குள் இறுகிய காற்றில் தாவாமற் போகலாம்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. டாங்கியின் காற்றுத் துளை அடைபட்டாலும் மெஷின் சிறிது நேரம் ஓடி நிற்கும். 2025 முதல் நமது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. ஆகவே வாரக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம்.

மலிவானதிலிருந்து தொடங்குக

பொறி இல்லை என்று உறுதியானபின், விலை குறைந்ததும் கைக்கு எளியதுமான பாகத்திலிருந்து வரிசையாகப் பார்த்துச் செல்ல வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது.

முதலில் பிளக். பீங்கானில் வெடிப்பு உண்டா, முனை கரிபிடித்ததா, நனைந்ததா என்று பார்க்க. முனையின் இடைவெளி பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 மில்லிமீட்டர். ஐயமிருந்தால் புதிய பிளக் போட்டுப் பார்ப்பதே சுருக்கமான வழி.

இரண்டாவது பிளக் மூடி. அதன் உள்ளே ஒரு சிறு சுருள்வில் வயரின் நடுச்செம்பைக் குத்திப் பிடித்திருக்கும். நமது கடற்காற்றில் அது பச்சை பூத்துப்போகும். வயர் போதிய நீளமிருந்தால் நுனியைச் சிறிது நறுக்கி, புதிய செம்பில் சுருள்வில்லைக் குத்த வேண்டும். மூடியின் உட்புறத்தை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துக. உப்பு நீரில் கரையுமேயன்றி எண்ணெயில் கரையாது; ஆகையால் எண்ணெய்த் துணியால் மட்டும் துடைப்பது போதாது.

மூன்றாவது நிறுத்தும் வயர். காயிலிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, முன்போலப் பொறியைச் சோதிக்க. கழற்றியவுடன் பொறி வந்தால் காயில் நல்லது. குற்றம் வயரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. வயர் கழற்றிய நிலையில் மெஷினை ஓட்டினால் ஸ்விட்ச் வேலை செய்யாது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அந்நிலையில் ஒருபோதும் மரத்தில் வைக்கலாகாது.

நான்காவது காயிலின் இடைவெளி. காயிலின் கால்களுக்கும் காந்தச் சக்கரத்துக்கும் இடையே பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். உங்கள் மெஷினின் கையேடு வேறு அளவு கூறினால் அதுவே பிரமாணம். கெட்டியான ஒரு விசிட்டிங் கார்டை இடையே செருகி, காயிலைக் காந்தம் இழுத்துக்கொள்ளவிட்டு, திருகுகளை முடுக்கிக் கார்டை உருவிவிடலாம். வெள்ளத்தில் மூழ்கிய மெஷினில் கால்களும் காந்தமும் துருப்பிடித்திருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க. காயிலைப் பிடித்திருக்கும் திருகுகளின் அடியிலும் துருவை நீக்க வேண்டும். அத்திருகுகள் வழியாகவே காயில் மெஷினின் உடலோடு தொடர்புகொள்கிறது. அங்கே துரு இருந்தால் தொடர்பு வரும், போகும்.

பாயிண்டு உள்ள பழைய மெஷினாயின், சக்கரத்தின் அடியில் அது இருக்கும். அதன் முகத்தில் எண்ணெயோ கருமையோ படிந்திருந்தால் துடைத்து, கையேட்டில் கண்ட அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்க. பாயிண்டின் முகம் விரைவில் கருகிக் குழிவிழுந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முயல வேண்டாம். காந்தம் உடையும், தண்டு வளையும். அதற்குரிய இழுவைக் கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே நலம். சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு ஆப்பு நழுவியிருந்தால், பொறி வந்தும் தவறான நேரத்தில் வரும் என்பதையும் அவரிடம் சொல்லிவைக்கலாம்.

இவையெல்லாம் சரியாயிருந்து, சூடானபோது பொறி அற்று, ஆறியபின் பொறி வருவது இருமுறையேனும் கண்ணால் காணப்பட்டால் மட்டுமே காயிலை மாற்றலாம். ஆறிய காயிலை மீட்டரில் அளந்து "நல்லது" என்று கூறுவதை முடிவாகக் கொள்ளலாகாது, கெடுவது சூட்டிலன்றோ?

நமது மெஷினில் கண்ட குற்றம்

காயில் மாற்றியும் பயனின்றிப் போனபின், புதிய மெஷின் வாங்கத் தீர்மானம் கொண்டுவரலாமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. அதற்குமுன் ஒரு மாதம் பொறுத்து, மெஷின் எடுப்பவர் ஒவ்வொருவரும் நின்ற நேரத்தையும், அப்போது செய்த வேலையையும், மெஷினைப் பிடித்திருந்த விதத்தையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நான்கு பேர் எழுதிய குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. சீமைக் கருவேலத்தை அறுப்பவர் முதலில் முள் கிளைகளைக் கழிப்பார். அப்போது மெஷின் நிமிர்ந்திருக்கும். அரைமணி கழித்தே அடிமரத்துக்கு வருவார். அப்போது மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடிப்பார். மெஷின் நின்றது அப்போதுதான். ஒருவர் மட்டும் காலையிலேயே, முன்னரே கிளை கழித்து வைத்திருந்த அடிமரத்தை அறுக்கத் தொடங்கியிருந்தார். அவருக்கு மூன்றாம் நிமிடத்திலேயே நின்றுவிட்டது. ஆக, நிற்பதற்குக் காரணம் சூடன்று, சாய்வு.

மேல்மூடியைக் கழற்றி, செயின் பிரேக்கை மாட்டி, மெஷினைப் படுக்க வைத்துக் கைப்பிடியை அழுத்திப் பார்த்தோம். கைப்பிடியைத் தாங்கும் ரப்பர் குமிழ் ஒன்று கிழிந்திருந்தது. மெஷினைச் சாய்த்து அழுத்தும்போது கைப்பிடி ஒருபுறம் இறங்கி, நிறுத்தும் வயரை உலோக விளிம்போடு நசுக்கிற்று. வயரின் உறையில் கடுகளவு இடத்தில் செம்பு தெரிந்தது. புதிய ரப்பர் குமிழும், வயருக்கு ஓர் உறைக்குழாயும் போட்டோம். அவற்றுக்கு ஆன செலவு, வீணாக மாற்றிய காயிலின் விலையில் மிகச் சிறு பங்கே. அதன்பின் மெஷின் அவ்வாறு நின்றதில்லை.

அடுத்த கூட்டத்தில், பழி சுமந்த அங்கத்தினருக்கு அவருடைய முன்பணம் திருப்பித் தரப்பட்டது. நிர்வாகக் குழுவின் வருத்தமும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டது. அவர் கலந்த எண்ணெயில் எக்குற்றமும் இருந்ததில்லை. ஆராயாமல் பழித்தவர்கள் நாமே.

சங்கங்கள் செய்யத்தக்கது

மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான், சிறு பெட்ரோல் பம்பு, படகின் வெளிப்பொருத்து எஞ்சின் ஆகிய பலவற்றிலும் பொறி பிறக்கும் முறை ஏறத்தாழ இதுவே. ஆகையால் வாழை, வெற்றிலைப் பயிரிடுவோருக்கும் கடற்கரையாருக்கும் இம்முறை பயன்படும். பொதுவில் வைத்து ஆளும் ஒவ்வொரு யந்திரத்தோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கட்டி அனுப்புமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். தேதி, நேரம், எத்தனை நிமிடம் ஓடியபின் நின்றது, அப்போது செய்த வேலை, பிடித்த விதம், காற்றும் ஈரமும், நின்றவுடன் பொறி இருந்ததா இல்லையா என்னும் ஏழு கட்டங்கள் போதும். எழுதப் பழக்கமில்லாதவர் வாயால் சொல்ல, கிடங்குக்காரர் எழுதிக்கொள்ளலாம்.

மெஷினைத் திருப்பி வாங்கும்போது இழுத்துப் பார்த்து "ஓடுகிறது" என்று எழுதுவதோடு நில்லாமல், "எங்கேனும் நின்றதா? எப்போது?" என்று கேட்டு எழுதிக்கொள்வதைக் கிடங்கின் விதியாக்க வேண்டும். நின்றது என்று சொல்பவரைக் குற்றவாளியாகப் பார்த்தால் அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார். மறைத்த கோளாறு, வாள் மரத்துக்குள் இறுகி நிற்கும் வேளையில் வேறோர் அங்கத்தினருக்குத் தீங்காய் முடியலாம். சொல்பவருக்கு நன்றி கூறி எழுதிக்கொள்வதே சங்கத்துக்கு லாபம்.